நாற்பது மில்லிகிராமுக்கு அப்பால்

2011 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைப் பற்றி மருத்துவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இனி யாருக்கும் எழுத வேண்டாம் என்றது. சிலருக்கு 60 வரை தேவைப்படலாம் என்று அதுவரை மருந்தின் குறிப்பேட்டிலேயே இருந்தது. 1998-இல் அந்நாட்டில் அனுமதி பெற்ற நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படியே எழுதிவந்தார்கள்.

எச்சரிக்கைக்குக் காரணம் இதயம். ஈசிஜி தாளில் க்யூடி என்று ஓர் இடைவெளியைக் குறிப்பார்கள். இதயத்தின் கீழறைகள் ஒருமுறை மின்தூண்டல் பெற்று, அடுத்த தூண்டலுக்குத் தயாராகும் வரை ஆகும் நேரம் அது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் அந்த இடைவெளியைச் சராசரியாக 8.5 மில்லிசெகண்ட் நீட்டியது. 40 மில்லிகிராம் 12.6 நீட்டியது, 60 மில்லிகிராம் 18.5. இடைவெளி மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 20-க்கு மேல் கூடாது என்று வரம்பை இன்னும் இறுக்கினார்கள்.

இதயத்தைப் பற்றிய செய்திதான் பரவியது. அதே எச்சரிக்கையில் இருந்த இன்னொரு வாக்கியத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை: 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் மனச்சோர்வு கூடுதலாகக் குறைவதாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. அப்படியானால் அந்தக் கடைசி 20 மில்லிகிராம் இத்தனை ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தது? பக்கவிளைவைக் கூட்டியது, பலனைக் கூட்டவில்லை. நெடுங்காலம், உயர்ந்த அளவில் மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களின் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்தே கிளைக்கிறது என்பது என் எண்ணம். பலன் சீக்கிரமே சமதளத்துக்கு வந்துவிடுகிறது. தீங்கு ஏறிக்கொண்டே போகிறது.

ஏன் அப்படி என்பதற்கு மூளையின் படங்களில் விடை இருக்கிறது. இன்று அதிகம் எழுதப்படும் மனச்சோர்வு மருந்துகள் எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்தவை. ஃபுளூவாக்ஸிடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸிடின் எல்லாம் இந்தக் குடும்பம். நரம்பணுக்கள் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதத்தில், அதாவது செரட்டோனின் கடத்தியில், இவை ஒட்டிக்கொண்டு அதன் வேலையை முடக்குகின்றன. டொராண்டோவில் ஜெஃப்ரி மேயரின் குழு 2004-இல் பெட் ஸ்கேன் வழியாக, எத்தனை மில்லிகிராமுக்கு எத்தனை சதவீதக் கடத்திகள் முடங்குகின்றன என்று அளந்தது. வழக்கமாகக் கொடுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே ஏறக்குறைய 80 சதவீதம் முடங்கிவிட்டிருந்தது. சிட்டலோபிராமுக்கு அது 20 மில்லிகிராம். அதை இரட்டிப்பாக்கி 40 கொடுத்தால் 86-ஐ ஒட்டி வருகிறது. மூன்று மடங்காக்கி 60 கொடுத்தால் 88. நூறு இருக்கை உள்ள பேருந்தில் முதல் நிறுத்தத்திலேயே எண்பது பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்; அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் ஏறினாலும் உட்காரக் கிடைப்பது சொற்ப இடந்தான்.

நோயாளிகளிடமும் இதே வளைவு தெரிந்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் தொஷி ஃபுருகாவாவும் உடனாய்வாளர்களும் 77 சோதனைகளில் பங்கேற்ற 19,364 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். ஃபுளூவாக்ஸிடின் அளவில் சொன்னால் 20 முதல் 40 மில்லிகிராம் வரைதான் பலனுக்கும் தாங்குதிறனுக்கும் பொருத்தமான இடம். அதற்கு மேல் பலன் தட்டையாகவோ சற்றுச் சரிந்தோ போனது. பக்கவிளைவு தாங்காமல் விலகியவர்களின் விகிதம் மட்டும் அளவு கூடக் கூட ஏறியது. ஆரம்ப அளவில் பலன் தெரியாதவர்களுக்கு அளவைக் கூட்டுவதற்கும் அதே அளவில் தொடர்வதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று ஜெர்மன் ஆய்வாளர்களின் தொகுப்பொன்றும் காட்டியது.

இருந்தும் அளவு கூடுகிறது. நாலு வாரம் கழித்து வந்து “இன்னும் சரியாகல டாக்டர்” என்று சொல்பவரை வெறுங்கையோடு அனுப்ப எந்த மருத்துவருக்கும் மனம் வராது. ‘பத்தை இருபதாக்கிப் பார்ப்போம்’ என்பது இரண்டு பேருக்கும் ஆறுதல் தருகிற வாக்கியம். ஆறாவது வாரத்தில் ஏற்படும் முன்னேற்றம் கூட்டிய மாத்திரையால் வந்ததா, பழைய அளவே மெதுவாக வேலை செய்து வந்ததா, நோய் தானாகத் தணிந்து வந்ததா என்று ஒரு தனி நோயாளியை வைத்துச் சொல்லவே முடியாது. பலன் வந்தால் பெயர் கூட்டிய அளவுக்குப் போகிறது; வராவிட்டால் மறுபடி கூட்டப்படுகிறது. கூட்டியதைக் குறைக்க மட்டும் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த மருந்துகளே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆந்த்ரேயா சிப்ரியானி தலைமையில் 522 சோதனைகளை ஒப்பிட்டார்கள். ஆய்வுக்கு எடுத்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. தற்கொலை எண்ணத்தின் விளிம்பில் இருந்தவரை மீட்டுக் கொண்டுவந்த மாத்திரைகள் இவை. நம் நாட்டில் சிக்கல் பெரும்பாலும் எதிர்த் திசையில்தான். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. சிகிச்சை எட்டாத பெருங்கூட்டம் ஒரு பக்கம். எட்டிய பிறகு பழைய மருந்துச் சீட்டையே மருந்துக்கடையில் காட்டி, மறுபரிசோதனை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் மறுபக்கம். இரண்டுமே உண்மை. இரண்டாவதைப் பேசினால் முதலாவது கெட்டுவிடும் என்று மருத்துவ உலகம் நெடுநாள் அஞ்சியிருந்தது.

ஆண்டுக்கணக்கு என்பது மிகைப்பேச்சு அன்று. இந்த மருந்துகளுக்கு அனுமதி வாங்கித்தந்த சோதனைகளில் பெரும்பாலானவை ஆறிலிருந்து எட்டு வாரம் நடந்தவை. அமெரிக்காவில் 2011–14 கணக்குப்படி, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களில் கால்வாசிப் பேர் பத்து ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ எடுத்துவந்தார்கள். இங்கிலாந்தில் 2018 மார்ச் நிலவரப்படி ஏறத்தாழ 9,30,000 பேர் மூன்றாண்டுகளாக இடைவிடாமல் வாங்கிவந்தார்கள். வாரக்கணக்கில் சோதித்ததைப் பத்தாண்டுக் கணக்கில் விழுங்குகிறோம். அந்த இடைவெளியில் உடலுக்குள் நடப்பதைச் சோதனைகள் சொல்லவில்லை. பின்னாளில் மருத்துவப் பதிவேடுகளைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தோண்டியதில் முதலில் தட்டுப்பட்டது எடை. முதல் சில வாரங்களில் பலருக்குப் பசி குறைந்து எடையும் சற்றே இறங்கும். அதைப் பார்த்துத்தான் இவை எடை போடாத மருந்துகள் என்று பெயர் வாங்கின. பிரிட்டனில் 2,94,719 பேரின் பதிவுகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. உடல் எடை 5 சதவீதமோ அதற்கு மேலோ ஏறும் வாய்ப்பு, மருந்து தொடங்கிய இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் உச்சம் தொட்டது. ஆறாம் ஆண்டிலும் அது முற்றிலும் தணிந்திருக்கவில்லை. எட்டு வாரச் சோதனைக்கு இது அகப்பட்டிருக்க வழியே இல்லை.

எடையோடு சர்க்கரையும் வரும். பிரிட்டனின் 1,65,958 மனச்சோர்வு நோயாளிகளைப் பற்றி 2009-இல் வந்த ஆய்வில், நடுத்தரம் முதல் உயர்ந்த அளவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து எடுத்தவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. குறைந்த அளவில் எடுத்தவர்களிடமும் குறுகிய காலம் எடுத்தவர்களிடமும் இந்த உயர்வு தென்படவில்லை. அளவு, காலம் இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து தலைகாட்டுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு. ஆனால் ஓர் எச்சரிக்கை: மனச்சோர்வே நடமாட்டத்தைக் குறைத்து, உணவைக் கெடுத்து, சர்க்கரையை வரவழைக்கக்கூடியது. உயர்ந்த அளவு வாங்குபவர்களின் நோயும் கடுமையாகவே இருந்திருக்கும். பழி முழுவதையும் மாத்திரையின் தலையில் போட்டுவிட முடியாது. எலும்பு முறிவு, நினைவுக் குறைவு பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்தச் சந்தேகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மூளைக்கான மருந்து எலும்பை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். செரட்டோனினை மூளையின் சொத்தாகவே பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் உடலிலுள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில் இருக்கிறது. 1930-களில் இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் இதைக் குடலில்தான் முதலில் கண்டார். மூளையிலும் இருப்பது 1950-களில்தான் தெரியவந்தது. அதே கடத்திப் புரதம் இரத்தத் தட்டணுக்களிலும் எலும்பணுக்களிலும் உண்டு. வாய்வழியே விழுங்கிய மாத்திரைக்கு மூளையில் உள்ள கடத்தியை மட்டும் பொறுக்கி எடுக்கத் தெரியாது.

தட்டணுக்கள் தாமாகச் செரட்டோனினைத் தயாரிப்பதில்லை. கடத்தி வழியாக இரத்தத்திலிருந்து எடுத்துச் சேமித்து, காயம்பட்ட இடத்தில் உறைதலுக்குத் துணையாக வெளிவிடுகின்றன. கடத்தி முடங்கினால் சேமிப்பு வற்றுகிறது, இரத்தக் கசிவு சற்று எளிதாகிறது. தனியாக இருக்கும்வரை இது பெரும்பாலோருக்குச் சிறிய ஆபத்துதான். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கோ இதயத்துக்கு ஆஸ்பிரினோ உடன் சேர்ந்தால், இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. வலி மாத்திரை எழுதுகிற எலும்பு டாக்டருக்கு, மனநல மாத்திரை உள்ளே போவது பல வீடுகளில் சொல்லப்படுவதே இல்லை. ட்ரமடால் போன்ற வலி மருந்துகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று தீவிர நிலைக்கே போகலாம். உயர்ந்த அளவில் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

எலும்புக்கு வருவோம். கனடாவில் ஐம்பது வயதைக் கடந்த 5,008 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளியானது. நாள்தோறும் எஸ்எஸ்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. அளவு கூடக் கூட அதுவும் கூடியது. எடுத்தவர்கள் 137 பேர்தான் என்பதால் எண்ணை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் பிற ஆய்வுகளிலும் அதுவே. முதியவர்களுக்கு இன்னொரு கண்ணி சோடியம். மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலேயே இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கலாம், அதிலும் பிரஷருக்கு நீர்பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு. தள்ளாட்டம், மறதி, குழப்பம் என்று அது வெளிப்படும்போது ‘வயசாயிருச்சுல்ல’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் சங்கதி. வென்லாஃபாக்ஸின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் கதை வேறு: அளவு 300 மில்லிகிராமை நெருங்கிக் கடக்கும்போது அதுவே இரத்த அழுத்தத்தை ஏற்றத் தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அளக்க முடியும். அளக்க முடியாததும் நோயாளி வாய்விட்டுச் சொல்லாததுமான ஒன்றைப் பற்றி ஸ்பெயினில் ஆங்கெல் மோன்டெஹோ 1990-களில் ஆராய்ந்தார். எஸ்எஸ்ஆர்ஐ எடுத்துவந்த 344 பேரில், பாலுறவுச் சிக்கலைத் தாமாகச் சொன்னவர்கள் 14 சதவீதம். மருத்துவரே நேரடியாகக் கேட்டபோது 58 சதவீதம். ஸ்பெயினிலேயே இந்த இடைவெளி என்றால் நம் ஊர் வெளிநோயாளர் பிரிவில், அண்ணனையோ மாமியாரையோ உடன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்லிவிடப் போகிறார்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். திடீரென்று நிறுத்தியதன் விளைவுகள் தனியே வந்து சேரும். மருந்தை விட்ட பிறகும் சிலருக்கு இந்தக் குறை நீங்காமல் நீடிக்கிறது என்பதை 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை ஏற்று, மருந்துக் குறிப்பேடுகளில் சேர்க்கச் சொன்னது. அதற்குமுன் அப்படிப் புகார் சொன்னவர்களுக்குப் பொதுவாகக் கிடைத்த பதில், அது உங்கள் மனச்சோர்வின் மிச்சம் என்பது.

உணர்ச்சி மரத்துப்போவதும் இந்த வகைதான். அழுகை நிற்கிறது, சிரிப்பும் நிற்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் மருந்து எடுத்துவந்த 669 பேரில் 46 சதவீதம் பேர் இப்படி உணர்ந்ததாகச் சொன்னார்கள். நோயின் எச்சமா, மருந்தின் விளைவா என்ற பழைய கேள்வி இங்கும் உண்டு. கேம்பிரிட்ஜில் பார்பரா சஹாகியனின் குழு அதைத் தீர்க்க நோயில்லாதவர்களுக்கே எஸ்சிட்டலோபிராம் 20 மில்லிகிராமை மூன்று வாரங்களுக்கு மேல் கொடுத்துப் பார்த்து 2023-இல் வெளியிட்டது. பரிசும் தண்டனையும் கிடைக்கும்போது அதற்கேற்பக் கற்றுக்கொள்ளும் கூர்மை அவர்களிடம் மழுங்கியிருந்தது. சோர்வே இல்லாதவர்களிடம் அதைச் சோர்வின் மிச்சம் என்று சொல்ல முடியாது.

இதுவரை உயர்ந்த அளவு என்று சொன்னதெல்லாம் மாத்திரை அட்டையில் அச்சிட்ட எண்ணை வைத்து. உடல் அந்த எண்ணைப் படிப்பதில்லை. சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் இரண்டையும் கல்லீரலில் முதன்மையாகச் சிதைப்பது சிஒய்பி2சி19 என்ற நொதி. மரபணு வாகால் சிலருக்கு அது வேலையே செய்வதில்லை. நார்வேயில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்டவர்களின் இரத்தத்தில் எஸ்சிட்டலோபிராம் மற்றவர்களைவிட 3.3 மடங்கு கூடுதலாகத் தேங்கியிருந்தது. அவர்களுக்குப் பத்து மில்லிகிராம் என்பது பிறருக்கு முப்பதுக்கு மேல். ஐரோப்பியரில் இத்தகையவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்; அதனால் மேற்கத்திய மருத்துவத்துக்கு இது ஓர் அடிக்குறிப்பு. தமிழருக்கு அடிக்குறிப்பாக விட முடியாது. புதுச்சேரி ஜிப்மரில் அதித்தன் குழுவினர் தமிழர்களிடம் இந்த மரபணுவை ஆராய்ந்து 2003-இல் பதிப்பித்தபோது, நூற்றுக்குப் பதினான்கு பேர் வாக்கில் இப்படி மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று கண்டார்கள். ஏழு பேரில் ஒருவர். இத்தகையவர்களுக்குச் சிட்டலோபிராம் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குறிப்பேடு சொல்கிறது. ‘பத்திலேயே எனக்குத் தலை சுத்துது, படபடன்னு வருது’ என்று சொல்லும் நோயாளியைப் பயந்த சுபாவம் என்று ஒதுக்குவதற்கு முன், அவர் உண்மையில் என்ன அளவில் இருக்கிறார் என்று யோசிக்க நமக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

கடைசியாக, வெளியேறும் வழி. பெட் ஸ்கேன் வளைவு இங்கே தன் மறுமுகத்தைக் காட்டுகிறது. மருந்தை நிறுத்தும் வழக்கமான முறை பாதி, பாதியில் பாதி, பிறகு நிறுத்தம். 20, 10, 5, பூஜ்யம் என்று போகும்போது படிகள் சிறிதாவதாகத்தான் தோன்றும். ஆனால் சிட்டலோபிராம் 20-இலிருந்து ஏறத்தாழ 10-க்கு இறங்கினால் முடங்கிய கடத்திகள் 80-லிருந்து 70 சதவீதமாகின்றன. ஐந்து மில்லிகிராமிலும் 60-ஐ ஒட்டி நிற்கின்றன. அந்தக் கடைசி ஐந்தை விட்டால் 60-லிருந்து நேரே பூஜ்யம். மிகச் சிறியதாகத் தெரியும் படிதான் மிக ஆழமான பள்ளம். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-இல் இதை விளக்கி, கடைசிக் கட்டத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே போய்த்தான் நிறுத்த வேண்டும் என்று எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவர் மட்டுமல்லர். எஸ்சிட்டலோபிராமை விட முயன்று துன்பப்பட்டவரும்கூட.

அந்தத் துன்பம் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம், மண்டைக்குள் ‘ஷாக்’ அடிப்பது போன்ற வெட்டு என்று வரும். எத்தனை பேருக்கு வரும் என்பதில் சண்டை ஓயவில்லை. 2019-இல் டேவிஸ், ரீட் இருவரின் தொகுப்பு சராசரி 56 சதவீதம் என்றது. 2024-இல் ஹென்ஸ்லர் குழு, மருந்து நிறுத்தியவர்களில் 31 சதவீதம், வெற்று மாத்திரை நிறுத்தியவர்களிலேயே 17 சதவீதம், ஆகவே மருந்தின் பங்கு ஏறக்குறைய 15 என்றது. கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு. முன்னதில் துன்பப்பட்டவர்கள் தேடிவந்து பதிலளித்த கருத்தெடுப்புகள் சேர்ந்திருந்தன. பின்னது பெரிதும் சில வாரங்களோ மாதங்களோ மருந்து எடுத்தவர்களைப் பற்றியது. பத்தாண்டு எடுத்தவரின் கணக்கு இரண்டிலும் சரியாக அகப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. பிரிட்டனில் 2021-இல் வெளியான ஆன்ட்லர் சோதனை நீண்டகாலம் எடுத்தவர்களை நேராகவே பார்த்தது. நன்றாக இருந்த 478 பேரில் ஒரு பாதிக்கு மருந்து தொடர்ந்தது; மறுபாதிக்குப் படிப்படியாக வெற்று மாத்திரை. ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், நிறுத்தியவர்களில் 56 சதவீதம். மருந்து காக்கிறது என்பதற்கு இது சான்று. நிறுத்தியும் நோய் திரும்பாதவர்கள் 44 சதவீதம் என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது.

நோய் திரும்பியதா, மருந்தை விட்டதன் எதிர்வினையா என்பதை வைத்து அடுத்த பத்தாண்டு தீர்மானமாகிவிடுகிறது. நிறுத்திய சில நாட்களில், முன்பு இல்லாத தலைச்சுற்றலும் மண்டை வெட்டும் சேர்ந்து வந்து, மாத்திரை போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் அது பெரும்பாலும் எதிர்வினை. நோய் திரும்புவது வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்காத இடத்தில், ‘பாத்தீங்களா, மாத்திரை இல்லாம உங்களால முடியாது’ என்று பழைய அளவோ அதைவிடக் கூடுதலோ எழுதப்படுகிறது. எதிர்வினை லேசானது, ஒரு வாரத்தில் போய்விடும் என்ற தன் பழைய அறிவுரையை இங்கிலாந்தின் வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2019 அக்டோபரில்தான் திருத்தியது. ஃபுளூவாக்ஸிடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1987 டிசம்பரில்.

திருத்தம் தாளில் வந்துவிட்டது; மாத்திரை அட்டையில் வரவில்லை. நெதர்லாந்தில் நாளுக்கு நாள் அளவு குறையும் சிறு பொட்டலங்களைச் சுருளாகத் தயாரித்துத் தருகிறார்கள். சில நாடுகளில் திரவ மருந்தை ஊசிக்குழாயில் அளந்து குறைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் மாத்திரையை பிளேடால் நறுக்கும் வேலைதான். அதுவும் முடியாதபோது ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வது வழக்கம். உடலில் நாட்கணக்கில் தங்கும் ஃபுளூவாக்ஸிடினுக்கு அது ஒத்துப்போகலாம். ஒரே நாளில் பாதி கரைந்துவிடும் பராக்ஸிடினுக்கும், சில மணி நேரத்திலேயே கரையும் வென்லாஃபாக்ஸினுக்கும் அந்த முறை ஒருநாள் முழு அளவு, மறுநாள் திடீர் நிறுத்தம் என்று மாறி மாறி முடிகிறது. அந்த மருந்துகளில் இருப்பவர் குறைக்க நினைத்தால் தானாக இறங்காமல், நாள்தோறும் எடுத்தபடியே சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் இறங்கும் திட்டம் ஒன்றைத் தன் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியொரு திட்டம் போட உதவும் மாட்ஸ்லி கையேடு, ஹோரோவிட்ஸும் டெய்லரும் எழுதி, 2024-இல் அச்சுக்கு வந்தது.